மலைகளை நோக்கிய கண்கள்

எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில், மாதா படம் போட்ட நாட்காட்டிக்குக் கீழே, கட்டம் கட்டமாகக் கோடு போட்ட தாள் ஒன்று ஒட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு நாள் காலையிலும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மற்றக் கண்ணால் அதன் நடுவிலுள்ள புள்ளியைப் பார்க்க வேண்டும்; சுற்றியுள்ள கோடுகள் நேராகத் தெரிகின்றனவா, வளைந்து தெரிகின்றனவா என்று கவனிக்க வேண்டும். இது கண் மருத்துவரின் கட்டளை. விழித்திரையின் நடுப்பகுதி எனக்கு மெல்ல மெல்லத் தேய்ந்து வருகிறதாம். முழு இருள் வந்துவிடாது. நேரே பார்க்கும் பார்வைதான் குறைந்துகொண்டு போகும். ஓரப்பார்வை நிற்கும் என்று அவர் ஆறுதல் சொல்லி அனுப்பினார்.

அந்த ஆறுதலைச் சுமந்துகொண்டு வீடு திரும்பிய மாலையில், எனக்கு நினைவுக்கு வந்தது ஒரு கொக்கு.

திருமணமாகி இரண்டாம் ஆண்டு. வீட்டின் பின்புறம் ஒரு குட்டை இருந்தது. ஒரு காலையில் அதன் கரையில் ஒற்றைக் காலூன்றி நின்ற கொக்கைக் கண்டேன். பால் கணக்கு எழுதும் நோட்டின் பின்னட்டையில் அதை வரையத் தொடங்கினேன். அரை மணி நேரம் போனதே தெரியவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. தொட்டிலில் பிள்ளை அழுதது. "படம் போட்டால் உலை கொதிக்குமா?" என்று மாமியார் கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. அந்தச் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில், கடமையை மறந்து படம் வரைந்து நேரத்தை வீணாக்கினேன் என்று முறையிட்டேன். குருவானவர் மூன்று அருள் நிறைந்த மரியே செபத்தைப் பரிகாரமாகக் கொடுத்தார். ஆனால் அது பாவமா, இல்லையா என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தக் கேள்வி என்னிடமே தங்கிவிட்டது.

அதன்பின் நான் வரைந்ததெல்லாம் ஆண்டுக்கு ஒரே ஒரு படம். கிறிஸ்து பிறப்பு விழாவுக்குக் கோவிலில் அமைக்கும் குடிலுக்குப் பின்னே தொங்கவிடும் திரை. காடாத் துணியைத் தைத்து நீட்டி, வண்ணப்பொடியை வஜ்ஜிரப் பசையில் குழைத்து, பெத்லகேம் மலைகளை வரைவேன். பெத்லகேமை நான் கண்டதில்லை. எங்கள் ஊருக்கு மேற்கேயுள்ள குன்றையே ஒவ்வோர் ஆண்டும் வரைந்து வைத்தேன். கோவிலுக்கான வேலை என்பதால் அதை யாரும் குறை சொல்லவில்லை. எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஓர் உறுத்தல் இருந்தது. இறைவனுக்காகவா வரைகிறேன், அல்லது அவர் பெயரைச் சொல்லி என் ஆசையைத் தீர்த்துக்கொள்கிறேனா?

கண் நோயைப் பற்றி அறிந்ததும் என் மகள் நூலகத்திலிருந்து ஒரு பெரிய ஓவியப் புத்தகத்தைக் கொண்டுவந்து தந்தாள். "பார்வை இருக்கும்போதே பாருங்கள், அம்மா" என்றாள். அமெரிக்கக் கண்டத்தின் மேற்குப் பகுதியை, அதன் செம்மண் குன்றுகளையும் பெருங்காடுகளையும் விலங்குகளையும் வரைந்தவர்களைப் பற்றிய நூல் அது. அந்த நிலத்தின் ஓவியர்கள் என்றால் ஃபிரெடெரிக் ரெமிங்டன், சார்லஸ் ரஸ்ஸல் போன்ற ஆண்களின் பெயர்களே முதலில் சொல்லப்படுகின்றன. பாய்ந்தோடும் குதிரைகளும் துப்பாக்கி ஏந்திய வீரர்களும் நிறைந்த படங்கள் அவர்களுடையவை. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு ஏடுகளைப் புரட்டிய என்னை மூன்று பெண்கள் நிறுத்தி வைத்தார்கள். அவர்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் மகளைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன். என் பழைய கேள்வியை அவர்களிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது பிறகே புரிந்தது.

முதலாமவர் ரோசா போனர். 1822இல் பிரான்சு நாட்டில் பிறந்தவர். அமெரிக்க மண்ணை அவர் மிதித்ததே இல்லை. விலங்குகளை வரைவதையே வாழ்நாள் பணியாகக் கொண்ட அவர், அவற்றின் உடலமைப்பை அறிவதற்காக இறைச்சிக் கூடங்களுக்கும் சந்தைகளுக்கும் சென்றார். பெண்ணுடையில் அங்கே நடமாடுவது கடினம். ஆணுடை அணிவதற்கோ அந்நாளில் பாரிஸ் நகரில் காவல்துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். அதையும் முறையாகப் பெற்றுக்கொண்டார். பாரிஸின் குதிரைச் சந்தைக்கு வாரம் இருமுறையாக ஒன்றரை ஆண்டுக் காலம் சென்று கோட்டோவியங்கள் தீட்டிய பிறகே, 1850களின் முற்பகுதியில் 'குதிரைச் சந்தை' என்னும் தம் பேரோவியத்தை உருவாக்கினார். 8 அடி உயரமும் 16 அடிக்கு மேல் அகலமும் உள்ள அந்தக் கித்தான் இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1865இல் பிரான்சின் உயர் விருதான லெஜியன் ஆஃப் ஹானர் அவருக்கு அளிக்கப்பட்டது. கலைக்காக அதைப் பெற்ற முதல் பெண் அவரே.

1889ஆம் ஆண்டு பாரிஸில் உலகக் கண்காட்சி நடந்தபோது, 'பஃபலோ பில்' என்று பெயர் பெற்ற வில்லியம் கோடி தம் குழுவினரோடும் அமெரிக்கக் குதிரைகளோடும் காட்டெருமைகளோடும் அங்கு வந்து முகாமிட்டார். அறுபத்தேழு வயதான போனர் அந்த முகாமுக்குச் சென்று, அந்த விலங்குகளையும் அவற்றோடு வந்த பழங்குடி மக்களையும் வரைந்தார். வெள்ளைக் குதிரைமீது கோடி அமர்ந்திருக்கும் அவருடைய ஓவியம், இப்போது அமெரிக்க மேற்கிலேயே, கோடியின் பெயரைத் தாங்கிய ஊரின் அருங்காட்சியகத்தில் தொங்குகிறது. மேற்கு நிலத்துக்குப் போக முடியாதவரிடம் அந்நிலத்தின் விலங்குகளே வந்து சேர்ந்தன. வந்தபோது அவற்றைப் பார்க்கும் கண்கள் ஆயத்தமாக இருந்தன. அவருடைய உழைப்பை எண்ணும்போது, நேரத்தை வீணாக்கினேன் என்று நான் முறையிட்ட அந்த அரை மணி நேரம் எனக்கே சிறியதாகத் தோன்றியது.

இரண்டாமவர் எமிலி கார். 1871இல் கனடாவின் மேற்குக் கோடியில், விக்டோரியா நகரில் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தார். சான் பிரான்சிஸ்கோவிலும் இங்கிலாந்திலும் பிரான்சிலும் ஓவியம் கற்றுத் திரும்பினார். பழங்குடி மக்களின் ஊர்களில் நின்ற குலமரபுத் தூண்களையும் அடர்ந்த காடுகளையும் வரைந்தார். 1913இல் ஏறத்தாழ 200 படங்களைக் கண்காட்சியாக வைத்தும் போதிய ஆதரவு கிட்டவில்லை. வயிற்றுப்பாட்டுக்காக ஒரு வீட்டைக் கட்டி வாடகைக்கு விட்டார். குடியிருந்தோருக்குச் சமைத்தார், அடுப்புக்குக் கரி அள்ளினார், நாய்க் குட்டிகளை வளர்த்து விற்றார், மண்பாண்டம் செய்து சுட்டார். ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் தூரிகையை அவர் தொட்டது மிக அரிது.

இந்த இடத்தில் மகளை நிறுத்தச் சொன்னேன். பதினைந்து ஆண்டுகள்! கரி அள்ளிய அந்தக் கைகளை நான் அறிவேன். என்னைப் போன்ற எத்தனையோ பெண்கள் அறிவார்கள்.

1927இல் ஒட்டாவாவிலுள்ள தேசிய ஓவியக் கூடம் மேற்குக் கரைக் கலையைப் பற்றிய கண்காட்சி ஒன்றுக்கு அவருடைய படங்களைக் கேட்டு வாங்கியது. அங்கு சென்றபோது லாரன் ஹாரிஸ் என்னும் ஓவியரைச் சந்தித்தார். அவர் தந்த ஊக்கத்தில், ஐம்பத்தைந்து வயதைக் கடந்த எமிலி மீண்டும் காட்டுக்குள் நுழைந்தார். இன்று அவர் பெயரை உலகம் நினைவுகூர்வது பெரும்பாலும் அதன்பின் வரைந்த படங்களுக்காகவே. எண்ணெய் வண்ணமும் கித்தானும் விலை மிகுந்தவை. அதனால் மலிவான பழுப்புத் தாளில், வண்ணத்தைப் பெட்ரோலில் கரைத்து வரைந்தார். அதனாலேயே தூரிகை தடையின்றி ஓடியது. மரங்களும் வானமும் காற்றில் அசைவதுபோல் அந்தத் தாள்களில் அசைகின்றன. 1933இல் பழைய கூண்டு வண்டி ஒன்றை வாங்கி, அதற்கு 'யானை' என்று பெயரிட்டு, நாய்களோடும் ஒரு குரங்கோடும் காட்டோரம் போய்த் தங்கி வரைந்தார்.

அவருடைய இரு படங்களை மறக்க இயலவில்லை. ஒன்று 1929இல் வரைந்தது. வான்கூவர் தீவை ஒட்டிய நூட்கா தீவில், யூக்குவோட் என்னும் பழங்குடி ஊரில் இருந்த கத்தோலிக்கக் கோவில் அது. பச்சை அலைகளெனச் சூழ்ந்து நிற்கும் காட்டின் நடுவே, சன்னல்கள் கூட இல்லாமல், சின்னஞ்சிறு வெண்மையாக அந்தக் கோவில் நிற்கிறது. அதைச் சுற்றிச் சிலுவைகள் நட்ட கல்லறைகள். காடு கோவிலை விழுங்கப் போகிறதா, அணைத்துக்கொள்ளப் போகிறதா என்று சொல்ல முடியவில்லை. அந்தக் கட்டடம் 1954இல் தீக்கிரையானது. படத்தில் அது இன்றும் நிற்கிறது. 'இந்தியக் கோவில்' என்று எமிலி இட்ட பெயர் அந்த மக்களைப் புண்படுத்தும் பழைய சொல் என்பதால், டொரண்டோவிலுள்ள ஓவியக் கூடம் 2018இல் 'யூக்குவோட் ஊர்க் கோவில்' என்று அதை மாற்றியது. அது நல்லதே. ஓர் ஊரை நேசித்து வரைந்தவரின் பார்வையிலும் திருத்தப்பட வேண்டியது இருக்கக்கூடும். காட்டை உற்றுப் பார்த்த எமிலி, அங்கு வாழ்ந்தோரையும் அதே பொறுமையோடு பார்த்தாரா என்று கேட்பதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு.

மற்றது 1935இல் வரைந்தது. வெட்டித் தீர்த்த காட்டில், நெடிதுயர்ந்த ஒற்றை மரம். பலகைக்கு உதவாது என்று மரம் வெட்டுவோர் விட்டுச் சென்றது. உச்சியில் மட்டும் சிறு தழைக் கொத்து. அதைச் சுற்றி வானமே ஒளிவட்டமாகச் சுழல்கிறது. மரவேலைக்கு இகழப்பட்டது, வானத்தின் அன்புக்கு உரியது என்னும் பொருள்பட அதற்குப் பெயர் சூட்டினார். கட்டுவோர் புறக்கணித்த கல்லைப் பற்றி நாம் திருப்பாடலில் கேட்கிறோமே, அதையே வேறொரு மொழியில் கேட்டதுபோல் இருந்தது. 1937இல் நெஞ்சு நோய் கண்டு உடல் தளர்ந்தபோது எமிலி எழுதத் தொடங்கினார். அவருடைய முதல் நூலான 'க்ளீ விக்' 1941இல் வெளிவந்து கனடாவின் கவர்னர் ஜெனரல் விருதைப் பெற்றது. 1945இல் அவர் மறைந்தார்.

மூன்றாமவர் ஜார்ஜியா ஓகீஃப். எமிலி 1930இல் நியூயார்க் சென்றபோது அவரை ஒருமுறை சந்தித்திருக்கிறார். 1887இல் விஸ்கான்சின் மாநிலத்துப் பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர் ஓகீஃப். சிறுமியாக ஓராண்டு தொமினிக்கன் சபை அருட்சகோதரிகளின் விடுதிப் பள்ளியில் படித்தவர். ஆயினும் அவர் நம் திருச்சபையைச் சார்ந்தவர் அல்லர். நியூயார்க்கில் புகழ்பெற்ற பின், 1929ஆம் ஆண்டுக் கோடையில் நியூ மெக்சிகோ சென்றார். அந்த நிலம் அவரை விடவில்லை. ஆண்டுதோறும் என்று சொல்லுமளவுக்கு அங்கே போய்வந்தார். கணவர் மறைந்தபின், 1949இல் அங்கேயே குடியேறினார்.

முதற் கோடையில் அவர் வரைந்தவற்றுள் பாலைநிலத்துச் சிலுவைகளும் உண்டு. குன்றுகளை மறைத்துக்கொண்டு கருஞ்சிலுவை ஒன்று கித்தான் முழுவதும் நிற்கிறது. அதன் அடியில் குன்றுகள் மடிப்பு மடிப்பாக அந்தியொளியில் சிவக்கின்றன. அந்தப் பகுதியிலுள்ள புனித அசிசி பிரான்சிஸ் கோவிலையும் பலமுறை வரைந்தார். வைக்கோல் கலந்த பச்சை மண்ணால் கட்டிய கோவில் அது. ஆண்டுதோறும் பங்கு மக்கள் கூடி, தங்கள் கைகளாலேயே அதன் சுவர்களுக்குப் புது மண் பூசுகிறார்கள். முகப்பை விட்டுவிட்டு, சன்னலே இல்லாத அதன் பின்புறத்தை அவர் வரைந்தார். நம் ஊரில் கோவிலின் பின்புறத்தை யார் பார்க்கிறார்கள்? அங்கேதான் மக்கள் பூசிய மண் முழுமையாகத் தெரிகிறது.

1930இல் அங்கு வறட்சி நிலவியது. மடிந்த கால்நடைகளின் எலும்புகள் வெயிலில் வெளுத்துக் கிடந்தன. ஓகீஃப் அவற்றைப் பொறுக்கிப் பீப்பாயில் அடைத்து நியூயார்க்குக்கு அனுப்பினார். அவற்றைப் பார்த்து வரைந்த மாட்டு மண்டையோட்டுப் படங்களைக் கண்டவர்கள் அவர் சாவை வரைகிறார் என்றார்கள். அவருக்கோ அந்த எலும்புகள் நடமாடும் விலங்குகளைவிட உயிருள்ளவையாகத் தோன்றின. எசேக்கியேல் இறைவாக்கினர் நின்று பார்த்த உலர்ந்த எலும்புகளின் பள்ளத்தாக்கு என் நினைவுக்கு வந்தது. பார்க்கச் சொல்லி இறைவன் அவரை அங்கே நிறுத்தி வைத்த பிறகுதான் உயிர்மூச்சு வந்தது.

வெயிலுக்கு அஞ்சி, ஃபோர்டு காரின் முன்னிருக்கையைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டு, பின்னிருக்கையில் கித்தானைச் சாய்த்து வைத்து, காருக்குள்ளேயே அமர்ந்து வரைவார். வீட்டிலிருந்து பார்த்தால் பெடர்னால் என்னும் தட்டையான உச்சியுள்ள மலை தெரியும். அதை மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட முறை வரைந்தார். போதுமான அளவு வரைந்தால் அந்த மலையை எனக்கே தந்துவிடுவதாகக் கடவுள் சொல்லியிருக்கிறார் என்று வேடிக்கையாகச் சொல்வாராம். 1986இல், தொண்ணூற்றெட்டாம் வயதில் அவர் இறந்தபோது, அவருடைய சாம்பல் அந்த மலை நிலத்திலேயே தூவப்பட்டது.

அபிகியூ என்னும் ஊரிலிருந்த அவருடைய இன்னொரு வீட்டின் வரலாறும் நமக்குரியதே. அது சாந்தா ஃபே உயர்மறைமாவட்டத்துக்குச் சொந்தமான பாழடைந்த மண்வீடு. அதைத் தரும்படி அவர் ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார். 1945இல் திருச்சபை அதை அவருக்கு விற்றது. அவ்வீட்டு முற்றத்துச் சுவரிலிருந்த ஒரு கதவுக்காகவே அதை விரும்பினார். அந்தக் கதவையும் பலமுறை வரைந்தார்.

இவையெல்லாம் இருக்கட்டும். மகள் படித்துக்கொண்டே வந்த ஓரிடத்தில் குரல் தாழ்ந்து நின்றாள். ஓகீஃப் எண்பது வயதைக் கடந்த பின், அவருடைய விழித்திரையின் நடுப்பகுதி தேயத் தொடங்கியது. நடுப்பார்வை போயிற்று; ஓரப்பார்வை மட்டும் நின்றது. பிறர் துணையின்றி அவர் தீட்டிய கடைசி எண்ணெய் ஓவியம் 1972ஆம் ஆண்டுக்குரியது. என் நோயேதான்.

"மேலே படி" என்றேன். அவர் நின்றுவிடவில்லை. களிமண்ணைக் கையில் எடுத்து, தடவிப் பார்த்தே கலம் வனையக் கற்றார். உதவியாளர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மீண்டும் வண்ணம் தீட்டினார். அதற்கும் முன்பே, 1965இல், எழுபத்தேழு வயதில், 24 அடி நீளமுள்ள கித்தானில் மேகங்களுக்கு மேலே விரியும் வானத்தை வரைந்து முடித்திருந்தார்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. தொடக்க நூலை எண்ணிப் பார்த்தேன். இறைவன் படைத்தார் என்பதோடு அந்த ஏடு நின்றுவிடவில்லை. படைத்ததைப் பார்த்தார் என்றும், நன்றாக இருப்பதைக் கண்டார் என்றும் நாள்தோறும் சொல்லிச் செல்கிறது. 1999ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா நாளில், புனித இரண்டாம் யோவான் பவுல் கலைஞர்களுக்கென எழுதிய மடலின் தலைப்பிலும் இந்த வசனத்தையே வைத்தார். படைக்கும் ஆற்றல் நமக்கு இல்லை. ஆனால் அவர் படைத்ததைப் பார்த்து, நன்று என்று சொல்லும் பங்கை அவர் நமக்கும் தந்திருக்கிறார். குதிரைச் சந்தையில் ஒன்றரை ஆண்டு நின்றவரும், பெட்ரோலில் கரைத்த வண்ணத்தோடு காட்டில் அமர்ந்தவரும், ஒரே மலையை மீண்டும் மீண்டும் வரைந்தவரும் அதைத்தான் செய்தார்கள். அவர்களுள் எவரும் புனிதர் அல்லர். அவர்கள் அதைச் செபம் என்று அழைத்திருக்கவும் மாட்டார்கள். நம்பிக்கையுள்ள நான் அதைச் செபம் என்று அழைக்க ஏன் இத்தனை காலம் அஞ்சினேன்?

அந்தக் காலையில் பால் பொங்கியது என் தவறே. பிள்ளை அழுததும் என் தவறே. அவற்றுக்காக மன்னிப்புக் கேட்டது சரி. ஆனால் கொக்கைப் பார்த்தது பாவமன்று. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி, நாற்பது ஆண்டுகள் தலையில் சுமந்து திரிந்தேன். பால் பொங்கியதற்காக வருந்துகிறேன், ஆண்டவரே. கொக்குக்காக உமக்கு நன்றி சொல்கிறேன் என்று அன்றிரவு பிரித்துச் சொன்னேன்.

இவ்வாண்டும் குடிலுக்குத் திரை வரைய வேண்டும். நேராகப் பார்த்தால் எங்கள் குன்றின் உச்சி இப்போது மங்கலாகிவிடுகிறது. முகத்தைச் சற்றே திருப்பினால் ஓரத்தில் தெரிகிறது. மருத்துவர் சொன்னது உண்மைதான். பங்குத் தந்தையிடம் சென்று, மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளில் படம் வரைய ஆசையுள்ள இருவரைத் துணைக்குத் தரும்படி கேட்டேன். ஏழாம் வகுப்புச் சிறுமியர் இருவர் வந்தார்கள். வண்ணம் குழைக்கக் கற்றுக் கொடுத்தேன். வரையத் தொடங்குமுன் குன்றைப் பார்க்கும்படி சொன்னேன். ஒருத்தி சற்று நேரத்திலேயே, "பார்த்துவிட்டேன், பாட்டி" என்றாள். "இன்னும் கொஞ்சம் பார், அம்மா" என்றேன். நாங்கள் மூவரும் கோவில் திண்ணையில் அமர்ந்து, வெயில் இறங்கும்வரை குன்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆண்டவரே, பார்வை உள்ளவரை பார்க்கவும், அது குறையும்போது பிறருக்குப் பார்க்கக் கற்றுக் கொடுக்கவும் எனக்கு அருள் தாரும்.